‘சோலார் ஏசி’க்குத் தமிழ்: அனற்குளிர்ப்பியா, அனலியங்கு குளிர்ப்பியா?

எழுதுவது: அஸ்தம்பட்டியான்

குழுமத்தாருக்கு வணக்கம்.

சேலத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்குத் தமிழில் இயக்கக் கையேடு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. படிக்கப்போவது பிளான்ட் ரூமில் ஷிஃப்ட் பார்க்கும் ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும். கதவில் மாட்டும் பலகை முதல் வால்வில் தொங்கும் தகடு வரை எல்லாம் தமிழில் வேண்டும் என்று உத்தரவு. நல்ல உத்தரவுதான், சொல் கிடைத்தால்.

சிக்கல் இது. ஒரு பிளாக்கின் மொட்டைமாடியில் சோலார் பேனல். இன்வெர்ட்டர் வழியாக மின்சாரம் வந்து வழக்கமான கம்ப்ரஸர் ஏசி ஓடுகிறது. அடுத்த பிளாக்கின் மாடியில் இருப்பவை வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள். அவற்றில் 80, 90 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீர் கீழே இறங்கி வருகிறது. அந்தச் சூடே குளிரை உண்டாக்குகிறது. ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘சூரிய சக்தி குளிர்சாதன வசதி’. ஆட்கள் வாயில் இரண்டும் ‘சோலார் ஏசி’.

சூட்டிலிருந்து குளிர் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு: காற்றை எடுத்துவிட்ட கலத்துக்குள் தண்ணீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. கொதிக்க வேண்டிய வெப்பத்தை, கட்டடத்தைச் சுற்றி வரும் குழாய்த் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. குளிர்ச்சி அதுதான். எழும் ஆவியை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறிக் கொதிப்பு நின்றுவிடும். அதனால் பக்கத்திலேயே லித்தியம் புரோமைடு கரைசலைத் தெளிக்கிறார்கள். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அந்தக் குணம்தான். ஆவியை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்து இழுத்து நீர்த்துப்போன கரைசலை மாடியிலிருந்து வரும் சுடுநீர் காய்ச்சுகிறது. ஆவி பிரிந்து, ஆறி, தண்ணீராகிப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கரைசல் மறுபடி அடர்த்தியாகிறது. கம்ப்ரஸர் கிடையாது. கரைசலையும் தண்ணீரையும் சுற்றவிடும் பம்புகளுக்கும் விசிறிக்கும் மட்டும்தான் கரண்ட்.

புது வித்தையும் இல்லை. 1878 பாரிஸ் கண்காட்சியிலேயே ஓகுஸ்தன் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வெயிலைக் குவித்து ஐஸ் கட்டி செய்து காட்டிவிட்டார்.

பெயர் ஒன்றாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? குளிர் குறைந்தால் ஏசி மெக்கானிக்குக்கு முதலில் தோன்றுவது ‘கேஸ் லீக்’. இந்த மெஷினில் அப்படி நிரப்புகிற கேஸே இல்லை. உள்ளே இருப்பது வெற்றிடம். கசிந்தால் காற்று உள்ளே புகும், குளிர் படுத்துவிடும். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் வார்டு வெந்துவிடும். இன்னொரு கோளாறு: கரைசல் அளவுக்கு மீறி அடர்ந்தாலோ, சட்டென்று ஆறினாலோ, உப்பு உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். ‘உப்பு கட்டிக்கிச்சு’ என்பார்கள். கையேட்டிலும் ‘உப்புக்கட்டு’ என்றே எழுதியிருக்கிறேன். ‘படிகமாதல்’ பாடநூலிலேயே இருக்கட்டும்.

என் முன்மொழிவு: அனற்குளிர்ப்பி. ‘தெர்மல்’ என்பதற்கு ‘அனல்’ இந்த மாவட்டத்துக்குப் பழகிய சொல். மேட்டூர் அனல் மின் நிலையம் இருக்கும்வரை யாரும் பொருள் கேட்கமாட்டார்கள். கருத்துச் சொல்லுங்கள்.

—

எழுதுவது: ஆத்தூர் தமிழாசிரியர்

தம்பிக்கு,

‘குளிரி’ என்று போடாமல் ‘குளிர்ப்பி’ என்று போட்டீரே, அதற்கே ஒரு சபாஷ். குளிர்தல் தன்வினை. ‘குளிரி’ என்றால் தானே குளிர்கிற பொருள். மார்கழியில் ஏற்காடு போய் நடுங்குகிற என்னைச் சொல்லலாம், இயந்திரத்தைச் சொல்லக் கூடாது. பிறவினைக்குக் ‘குளிர்ப்பி’ சரி. ‘குளிரூட்டி’யும் சரிதான், வழக்கில் வேரூன்றிவிட்டது என்பதால் அதை வெட்ட வேண்டியதில்லை.

அனல், குளிர்ப்பி சேரும்போது ல் ற் ஆனதும் முறையே. கல்லால் ஆன கோயில் கற்கோயில். ‘அனல் காற்று’ என்று தொலைக்காட்சியில் சொல்லவில்லையா என்று யாராவது கேட்டு வருவார்கள், வரட்டும்.

என் தடை வேறு. இது அனலால் குளிர்ப்பிப்பதா, அனலைக் குளிர்ப்பிப்பதா? ‘ஆல்’, ‘ஐ’ என்ற உருபு மறைந்து நிற்கும் தொகை இரண்டுக்கும் இடம் தருகிறது. படிக்கிறவன் முதலில் எடுத்துக்கொள்வது இரண்டாவதைத்தான். மே மாதத்துச் சேலத்தில் அனலைக் குளிர்ப்பிப்பது எல்லா ஏசிக்கும் உள்ள வேலை. அப்புறம் உமது சொல் எதை எதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது?

நடுவில் ஒரு வினையை நுழைத்தால் இந்த ஐயம் தீரும். ‘தானியங்கி’ ஊரெல்லாம் வழங்குகிறது, வங்கி வாசலில்கூட இருக்கிறது. அந்த வழியிலேயே போய், அனலால் இயங்குவது ‘அனலியங்கு குளிர்ப்பி’, மின்சாரத்தால் இயங்குவது ‘மின்னியங்கு குளிர்ப்பி’ என்று வைத்துக்கொள்ளும். இரண்டும் அருகருகே நின்றாலே வேறுபாடு தெரியும். புணர்ச்சித் தகராறும் இல்லை. இகரம் வந்து தானே ஏறிக்கொள்கிறது.

—

எழுதுவது: சூரமங்கலம் சோலார்க்காரன்

ஐயா சொன்ன சொல் நல்லாருக்குங்க. ஆனா அந்த மெஷினுக்கு இவ்வளவு மரியாதை வேணுமான்னு ஒரு கேள்வி. நான் பேனல் மாட்டுறவன், அதனால என் பக்கச் சாய்வையும் சேர்த்தே படிங்க.

உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல விழுறது சுமாரா 1000 வாட். நல்ல பேனல் அதுல 200 வாட் கரண்டா தரும். ஏசி ஒரு பங்கு கரண்டுக்கு மூணு பங்கு வெப்பத்தை ரூம்லருந்து எடுக்கும். ஆக, 600 வாட் குளிர். அதே இடத்துல குழாய் போட்டா, அந்த 80, 90 டிகிரிச் சூட்டுல 500 வாட் கிடைச்சா பெரிசு. உப்பு மெஷின் ஒரு பங்கு சூட்டுக்கு 0.7 பங்குதான் குளிர் தரும். 350 வாட்டோட நின்னுபோச்சு.

தண்ணிக் கணக்கு இன்னும் மோசம். கரண்ட் ஏசி ஒரு பங்கு குளிருக்கு ஒண்ணே கால், ஒண்ணரைப் பங்கு சூட்டை வெளியே தள்ளும், பெரும்பாலும் காத்துலயே. உங்க மெஷின் ஒரு பங்கு குளிருக்குக் கிட்டத்தட்ட ரெண்டரைப் பங்கு தள்ளணும். அதுக்குத் தண்ணியை ஆவியா விட்டுச் சூட்டைத் தள்ளுற கூலிங் டவர், டவருக்குத் தண்ணி. சேலத்து போர் தண்ணி எப்படி உப்புப் படியும்னு கெய்சர் வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க.

புதுசா கட்டுற பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் எல்லாம் பகல்ல மட்டும் நடக்குற கட்டடம். அதுக்குப் பேனல் போதும். ‘மின்னியங்கு’ டெண்டர்ல இருக்கட்டும், ‘அனலியங்கு’ கையேட்டோட நிக்கட்டும்.

—

எழுதுவது: ஏற்காட்டுக்காரி

நான் இங்கே ஒரு பள்ளி விடுதிக்குக் கணக்கு எழுதுகிறேன். பேச்சு முழுக்கக் குளிரூட்டலைப் பற்றியே போகிறது. மலைக்கு மேலேயும் பொதுக் கட்டடங்கள் உண்டு ஐயா. சேலத்துக்கும் எங்களுக்கும் உயரத்தில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி வருவதற்குள் எட்டு டிகிரியாவது குறைந்துவிடும். எங்களுக்குக் குளிர் சும்மா கிடைக்கிறது. பிள்ளைகள் கேட்பது, ‘வெந்நீர் வருதா?’

ஆகவே மொத்தத் திட்டத்துக்கு வைக்கும் பெயர் இரண்டு பக்கத்தையும் தாங்க வேண்டும். தமிழில் அதற்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது: தட்பவெப்பம். தட்பம் குளிர்ச்சி, வெப்பம் சூடு. அதைத் தனியாக நிறுத்தினால் வானிலை அலுவலகம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். குளிர்பதனத்தில் வரும் ‘பதனம்’ பின்னால் சேர்ந்தால் அந்தக் குழப்பம் வராது. ‘தட்பவெப்பப் பதனம்.’ அறையைச் சூடாக்குவதற்கு மட்டும் ‘வெப்பமூட்டல்’ என்றால், அம்மம்மா, சேலத்துக்காரர்கள் ஓடியே போய்விடுவார்கள். அதற்குக் ‘கதகதப்பூட்டல்’ என்று எழுதுங்கள். போர்வையும் கரி அடுப்பும் தருவதை நாங்கள் கதகதப்பு என்றுதான் சொல்கிறோம்.

இரண்டாவது, ‘சூரிய’ என்ற ஒட்டு. ஐப்பசி கார்த்திகையில் மூட்டம் இறங்கினால் பகல் முழுக்க எதிரே வருகிற ஆள் தெரியாது. வெற்றிடக் குழாய் தன் சூட்டைக் குளிர்காற்றுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது, அது வாஸ்தவம். ஆனால் வெயிலே விழாதபோது பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு விறகு பாய்லர்தான் தண்ணீரைச் சூடாக்குகிறது. விறகில் ஓடும் மெஷின்மேல் ‘சூரிய’ என்று எழுதியிருந்தால் படிக்கிறவன் சிரிக்கமாட்டானா? காப்பிக் களத்தில் கொட்டையைப் பரப்புகிறவர்கள் ‘சூரிய சக்தியில் உலர்த்துகிறோம்’ என்றா சொல்கிறார்கள்? வெயிலில் காயப்போடுகிறார்கள். எங்கே சூரியன் தேவையோ அங்கே ‘வெயில்’ என்று எழுதுங்கள், தேவையில்லாத இடத்தில் எடுத்துவிடுங்கள்.

—

எழுதுவது: அஸ்தம்பட்டியான்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் ‘அனலியங்கு’வை எடுத்துக்கொள்கிறேன். அதோடு ஏற்காட்டு அம்மா சொன்னது என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. மெஷினுக்குச் சூடு எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்: வெயில், விறகு, ஜெனரேட்டரின் புகைச்சூடு. ஆகவே குளிர்ப்பியின் பெயரில் சூரியனே வேண்டாம். மாடியில் இருப்பதன் பெயரில் மட்டும் இருந்தால் போதும்.

மாடியில் இருப்பதற்கு முதலில் ‘கதிர்த்திரட்டி’ என்று எழுதினேன், ஒலி நன்றாக இருந்தது. மருத்துவமனையில் ‘கதிர்’ என்று பலகை வைத்தால் எக்ஸ்ரே அறை என்று நினைத்துக் கர்ப்பிணிகள் சுற்றிப் போவார்கள். ‘வெயில் திரட்டி’ என்று மாற்றிவிட்டேன். சேர்த்து எழுதி ‘வெயிற்றிரட்டி’ ஆக்கச் சொல்லி ஆத்தூரிலிருந்து கடிதம் வரும். தயவுசெய்து வேண்டாம் ஐயா, ஃபிட்டர் ஏணியை விட்டு இறங்கிப் போய்விடுவார்.

சூரமங்கலத்துத் தம்பியின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. பகலில் மட்டும் நடக்கும் கட்டடத்துக்குப் பேனல்தான் என்பது என் முடிவும். மருத்துவமனை வேறு ரகம். சலவைக்கும் சமையலுக்கும் குளியலுக்கும் நாள் முழுக்கச் சுடுநீர் வேண்டும். குளிர்ப்பியை ஓட்டப் போதாத 60 டிகிரித் தண்ணீர் அங்கே வீணாகாது. பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டுவதற்குச் சுடுநீரைத் தொட்டியில் சேமிப்பது பேட்டரியில் மின்சாரம் சேமிப்பதைவிடச் செலவு குறைவு. தண்ணீர்க் கணக்கில் மட்டும் அவர் சொன்னதே சரி. கூலிங் டவருக்கு, உப்புப் படியாமல் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் மென்னீராக்கி இல்லாமல் இந்த ஊரில் இதைத் தொடக் கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இனி மெஷினுக்குள் இருக்கும் பாகங்கள். குழப்பம் அங்கேதான் கூடுதல். கரைசலைக் காய்ச்சி ஆவியைப் பிரிக்கும் கலத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஜெனரேட்டர்’. சேலத்தில் ஜெனரேட்டர் என்றால் கரண்ட் போனதும் டீசலில் உறுமுவது. ‘ஜெனரேட்டரை நிறுத்து’ என்று போனில் சொன்னால் எதை நிறுத்துவார்கள்? அதைத் தமிழிலும் ‘ஆக்கி’ என்று மொழிபெயர்க்காமல், செய்யும் வேலையைச் சொல்லி ‘ஆவிபிரிப்பி’ என்று வைத்திருக்கிறேன். ஆவியை இழுத்துக்கொள்ளும் கலம் ‘உறிஞ்சி’. தண்ணீர் கொதிக்கும் கலம் ‘ஆவியாக்கி’.

‘கண்டன்சர்’ இதைவிட வம்பு. ஃபேன் ஓடவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் மாற்றுகிற சின்ன டப்பாவுக்கு நம் ஊரில் அந்தப் பெயர். ஆவி தண்ணீராகிற கலத்துக்கும் அதே பெயர். இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. டப்பாவுக்கு ‘மின்தேக்கி’ பாடநூலிலேயே இருக்கிறது. கலத்துக்கு இலங்கையில் ‘ஒடுக்கி’ என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் இங்கே ‘ஒடுக்கு’ என்றால் காதில் வேறு மாதிரி விழுகிறது. ‘ஆவியாற்றி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். டீ ஆற்றுகிற ஊரில் ஆற்றுதல் என்ன என்று விளக்க வேண்டாம் என்ற தைரியம்.

இலங்கையிலிருந்தே இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறேன். உப்புக் கரைசலுக்குப் பதில் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்து ஓடும் குளிர்ப்பியும் உண்டு. 60, 70 டிகிரிச் சுடுநீரிலேயே ஓடும், பருமன்தான் அதிகம். கரைசல் ஆவியைத் தனக்குள்ளே வாங்குகிறது, மணி அதைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. முன்னது அகத்துறிஞ்சல், பின்னது புறத்துறிஞ்சல் என்பது அவர்கள் வழக்கு. நம் பக்கத்துப் ‘பரப்புக் கவர்தல்’ பிழையில்லை; ஆனால் இணைச் சொல்லாக நிற்கவில்லை.

திட்டத்தின் மொத்தப் பெயர் அறிமுகப் பக்கத்தில் ‘வெயில்வழித் தட்பவெப்பப் பதனம்’ என்று போகிறது. நீளம்தான், ஒரே இடத்தில் வருவதால் பொறுக்கலாம். கதவுப் பலகைக்குப் பெயின்டரிடம் கொடுத்திருப்பது: ‘அனலியங்கு குளிர்ப்பி. உள்ளே வெற்றிடம். கேஸ் நிரப்பக் கூடாது.’ பக்கத்து பிளாக்கில் ‘மின்னியங்கு குளிர்ப்பி’ மட்டும்.

தகடுகள் இன்னும் அடிக்கவில்லை. ‘ஆவியாற்றி’யைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், பித்தளையில் பொறித்த பிறகு மாற்றினால் காசு என் பையிலிருந்து போகும்.