ஒரே சீரம், இரண்டு கொடையாளர்கள், இரண்டு முடிவுகள்: எதை நம்புவது?

ஆய்வக நுட்பர் (கேள்வி):
வணக்கம். இதய அறுவைச் சிகிச்சை முடிந்த ஏழாம் நாள், நோயாளியின் தட்டணுக்கள் 2,10,000-இலிருந்து 68,000-க்கு இறங்கிவிட்டன. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றியிருந்தார்கள்; அந்த மருந்தே எதிர்ப்பொருளைத் தூண்டித் தட்டணுக்களைக் குறைக்கும் நோயோ (HIT) என்று சந்தேகம். அந்த எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை பாசிட்டிவ். ஆனால் இத்தகைய அறுவைக்குப் பின் நோய் இல்லாத பலருக்கும் எலைசா பாசிட்டிவாக வரும். அந்த எதிர்ப்பொருள் தட்டணுக்களை உண்மையிலேயே தூண்டுகிறதா என்று மருத்துவர் கேட்கிறார்.

நோயாளியின் சீரத்தைச் சூடாக்கி, கொடையாளரின் தட்டணு மிகுந்த பிளாஸ்மாவில் கலந்து, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதை அளக்கும் திரட்சிமானியில் வைத்தேன். முதல் கொடையாளரின் தட்டணுக்கள் மூன்று குழாய்களிலும் திரண்டன: ஹெப்பாரின் இல்லாதது, 0.5 யூனிட், 100 யூனிட். இரண்டாமவருடையவை எதிலுமே அசையவில்லை. இரவெல்லாம் இதே யோசனை. எந்த முடிவை எழுதிக் கொடுப்பேன்?

குருதியியல் மருத்துவர்:
முதலில் ஒன்று: ஹெப்பாரினை நிறுத்திவிட்டார்களா? சோதனை முடிவுக்காக அதில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கொடையாளருக்குக் கொடையாளர் மாறுவது இயல்பு. ஹெப்பாரினும் தட்டணுப் புரதமும் எதிர்ப்பொருளும் சேர்ந்த கூட்டில், எதிர்ப்பொருளின் வால்பகுதி தட்டணுவின் எஃப்சி ஏற்பியைப் பற்றினால்தான் திரட்சி. அந்த ஏற்பியில் 131-ஆம் இடத்து அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நான் எப்போதும் நான்கு பேரிடம் இரத்தம் எடுப்பேன்; பத்து நாட்களாக ஆஸ்பிரின் தொடாதவர்களாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நுட்பர்:
தம்பி, என்னை உறுத்துவது 100 யூனிட் குழாய்தான். அவ்வளவு ஹெப்பாரினில் அந்தக் கூட்டு கலைந்து, திரட்சி நின்றிருக்க வேண்டும். ஹெப்பாரினே இல்லாத குழாயும் திரண்டிருக்கிறது என்றால், சீரத்திலேயே திரண்ட ஐஜிஜி (எதிர்ப்பொருள் புரதம்) இருக்கிறது. தட்டணுவுக்கு அதுவும் எதிர்ப்பொருள் கூட்டும் ஒன்றுதான். 63 டிகிரியில் சூடாக்கி அப்படிப்பட்ட ஐஜிஜியை ஆய்வகங்களில் வேண்டுமென்றே தயாரிப்பார்கள். சீரத்தைச் சூடாக்கிய உங்கள் நீர்த்தொட்டி, வேண்டிய 56 டிகிரியில்தான் நின்றதா? முகப்பு எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியை விட்டுப் பாருங்கள்.

ஆய்வக நுட்பர்:
ஹெப்பாரினை எலைசா முடிவு வருமுன்பே நிறுத்திவிட்டார்கள், டாக்டர்.

ஐயா, முகப்பில் 56, வெப்பமானியில் 62! உறைநிலையில் வைத்திருந்த மீதிச் சீரத்தை எடுத்து, சரியான 56-இல் 30 நிமிடம் வைத்து, மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுத்தேன். இம்முறை நான்கு கொடையாளர்கள். 0.5 யூனிட்டில் மூவருடைய தட்டணுக்கள் திரண்டன. ஹெப்பாரின் இல்லாத குழாயிலும் 100 யூனிட்டிலும் ஒருவருடையதுகூட இல்லை. பாசிட்டிவ் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். முதல் நாள் ஓட்டத்தை ரத்து செய்து, காரணத்தையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். அதே தொட்டியில் போன மாதம் சூடாக்கிய சீரங்களை இன்று தேடி எடுக்கிறேன்.