ஓ.ஹெச்.சி. விடெக் சிட்டி: கேம் மாற்றிய பிறகு மேலே இழுக்கவில்லை, உதவி தேவை

பழையசிட்டி
அவசரம். வண்டியில் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றினேன். கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது, மேலே போகப் போகப் பிக்கப் செத்துவிடுகிறது. முன்பு விடெக் (மேல் ஆர்.பி.எம்.மில் வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் ஹோண்டா ஏற்பாடு) விழும், அதாவது வேலை செய்யத் தொடங்கும், இடத்தில் ஒரு உறுமல் வரும், இப்போது அதே இடத்தில் யாரோ மூக்கைப் பிடித்த மாதிரி அடைக்கிறது, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து ஒரு தட்டல் வேறு. எஞ்சின் லைட் எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் பணம் கட்டியாகிவிட்டது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மதுரை_மெக்
எந்த வருஷ வண்டி, எந்த எஞ்சின், ஈ.சி.யூ. (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கம்பெனியுடையதா? கேம் புதிதாக வாங்கியதா, அரைத்ததா? மேலே என்றால் எத்தனை ஆர்.பி.எம்.? டேப்பெட் (வால்வ் இடைவெளி) யார் செட் செய்தது, எஞ்சின் சூட்டிலா ஆறிய பிறகா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும் ப்ரோ.

ஆயில்சட்டி
ஆயில்தான், வேறொன்றும் இல்லை. விடெக்கை இயக்குவதே எஞ்சின் ஆயிலின் அழுத்தம். சோலனாய்டு (மின்சாரத்தில் திறக்கும் ஆயில் வால்வ்) திறந்ததும் ஆயில் ராக்கர் ஷாஃப்ட் வழியாகப் போய், ராக்கருக்குள் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) இருக்கும் சின்னப் பின்களைத் தள்ளி, மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும், அப்போதுதான் கேமின் நடுவில் இருக்கும் பெரிய லோப் (ராக்கரைத் தள்ளும் மேடு) வேலைக்கு வரும். ஆயில் குறைந்தாலோ, கெட்டியான ஆயிலை ஊற்றினாலோ பூட்டாது. சோலனாய்டுக்கு அடியில் கேஸ்கெட்டோடு ஒரு சின்ன வலை இருக்கும். ஹெட்டைத் திறந்து வேலை செய்தால் பழைய கேஸ்கெட் துணுக்கு அதில் போய் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

ரெட்லைன்
மேலே தேடு பெட்டி என்று ஒன்று இருக்கிறது தம்பி. மாதம் ஒருவர் வந்து கேம் மாற்றினேன், இழுக்கவில்லை என்று அழுகிறார். கேமை மட்டும் மாற்றினால் குதிரைசக்தி வந்து கொட்டாது. இன்டேக், எக்ஸாஸ்ட், வால்வ் ஸ்பிரிங், ஈ.சி.யூ. டியூனிங் இதெல்லாம் சேர்ந்து வந்தால்தான் மேல் ஆர்.பி.எம்.மில் பலன் தெரியும். டைனோ (சக்தியை அளக்கும் மெஷின்) சீட்டைப் போடுங்கள், பேசலாம். இல்லாவிட்டால் பழைய கேமை மாட்டிக்கொண்டு நிம்மதியாக ஆபீஸ் போங்கள்.

டைமிங்பெல்ட்
கேமைச் சுற்றும் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா டி சீரிஸ் எஞ்சின் மற்ற வண்டிகளைப் போல வலம் சுற்றாது, பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் இடம் சுற்றும். புதிய பையன்கள் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் சுற்றி மார்க் பார்ப்பார்கள், பெல்ட்டின் தொய்வு தப்பான பக்கம் போய்விடும். முதல் சிலிண்டர் டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சியில்) இருக்கும்போது கேம் புல்லியில் அப் என்ற எழுத்து உச்சியில் நிற்க வேண்டும், பக்கத்துக் கோடு இரண்டும் ஹெட்டின் மேல்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். போட்டோ போடுங்கள்.

பழையசிட்டி
2002 சிட்டி, 1.5 விடெக், 106 குதிரைசக்தி, மேனுவல். ஈ.சி.யூ. கம்பெனியுடையதுதான். புதுப்பேட்டையில் இதே எஞ்சினின் பழைய கேம் ஒன்று கிடைத்தது, தெரிந்த லேத்தில் கொடுத்து லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) கூட்டி அரைத்தேன். லேத்காரர் விவரமானவர், நடு லோப்பில் மட்டும் கைவைத்தார், இரண்டு ஓர லோப்பும் கம்பெனி அளவிலேயே இருக்கின்றன, அதனால் ஊருக்குள் மைலேஜ் குறையவில்லை. டேப்பெட் மெக்கானிக் செட் செய்தார். 5,000 தாண்டினால்தான் பிரச்சினை. ஆயில் 10டபிள்யூ30, அளவு சரியாக இருக்கிறது. பெல்ட் மார்க் நானே பார்த்தேன், சரி.

மதுரை_மெக்
பெல்ட் ஒரு பல் தள்ளினால் கீழேயும் தெரியும், ஐடிலிங்கே ஒழுங்காக நிற்காது. இவர் கீழே நன்றாக இருக்கிறது என்கிறார். ஆயிலும் இல்லை என்று நினைக்கிறேன். இந்த ஹெட்டில் விடெக் பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது என்றால், சோலனாய்டு திறந்த பிறகும் அழுத்தம் வரவில்லையென்று ஈ.சி.யூ.வுக்குத் தெரிந்துவிடும், லைட் போட்டுவிடும். லைட் எரியாவிட்டாலும் சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்து சிமிட்டலை எண்ணிப் பாருங்கள். 21 வந்தால் சோலனாய்டு, 22 வந்தால் பிரஷர் ஸ்விட்ச். அப்புறம் டேப்பெட் கேப் எவ்வளவு? இந்தக் குடும்பத்து எஞ்சினில் ஆறிய நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்.

ஆயில்சட்டி
சாதாரண ஸ்விட்ச்சை நம்பக் கூடாது. அழுத்தம் வந்தது என்றுதான் சொல்லும், எவ்வளவு வந்தது என்று சொல்லாது. கேஜ் மாட்டிப் பாருங்கள். வலையைப் பார்த்தாரா இல்லையா என்று இன்னும் சொல்லவே இல்லை.

ரெட்லைன்
இன்னொன்று. தலைப்பைப் பார்த்துவிட்டு வேரியபிள் வால்வ் டைமிங் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இந்தச் சிட்டியில் இருக்கும் விடெக், கேமை முன்னும் பின்னும் திருப்பாது. ஒரு லோப்பிலிருந்து இன்னொரு லோப்புக்குத் தாவும், அவ்வளவுதான். நிஜ வேரியபிள் டைமிங் என்றால் டொயோட்டா விவிடி-ஐ, பி.எம்.டபிள்யூ. வானோஸ் மாதிரி கேமே புல்லியோடு கோணம் மாறுவது.

கோவை_கேரி
லோப் மாறினால் வால்வ் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறுகிறதா இல்லையா? மாறுகிறது. அப்புறம் அது என்ன, வெறும் அலங்காரமா? பெயரிலேயே வேரியபிள் வால்வ் டைமிங் அண்ட் லிஃப்ட் என்றுதான் ஹோண்டா வைத்திருக்கிறது. 1989இல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ, டர்போ இல்லாமல் 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி கொடுத்தது. வெறுமனே கேமைத் திருப்பினால் அது வராது.

ரெட்லைன்
1980இலேயே ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் கேம் கோணத்தை மாற்றிக் காட்டிவிட்டார்கள். ஹோண்டா ரசிகர்களுக்குச் சரித்திரம் 1989இல்தான் தொடங்குகிறது போலும். பி16ஏ இரட்டை கேம், இந்தச் சிட்டி ஒற்றை கேம், இதில் எக்ஸாஸ்ட் பக்கம் விடெக்கே கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கோவை_கேரி
யார் முதலில் என்று யார் கேட்டது? நீங்கள் சொல்வதுபோல ஒன்று நிஜம், இன்னொன்று பொய் என்றால், கே20ஏ-வில் இரண்டையும் சேர்த்து வைத்தார்களே, அது என்ன அரை நிஜமா?

சிவப்பு_ஸ்விஃப்ட்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் ஸ்விஃப்ட் விவிடி எஞ்சினிலும் இப்படிக் கேம் அரைத்துப் போடலாமா? எவ்வளவு செலவாகும்?

கோவை_கேரி
ஸ்விஃப்டில் கவனம் சார். அதில் கேம் புல்லிக்குள் ஒரு ஃபேசர் இருக்கிறது, இன்டேக் கேமை அது தானாக முன்னால் திருப்பும். லிஃப்டும் டியூரேஷனும் (வால்வ் திறந்திருக்கும் நேரம்) கூடிய கேமைப் போட்டால், முழுக்கத் திருப்பும் நேரத்தில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதே வால்வ் நிறையத் திறந்திருக்கும், இரண்டும் முட்டலாம். கே20 கட்டுபவர்கள் பெரிய கேம் போடும்போது ஃபேசர் திரும்பும் கோணத்தையே குறைத்துவிடுவார்கள். களிமண் வைத்து இடைவெளியை அளக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தனி இழை போடுங்கள், இங்கே கேட்டால் ரெட்லைன் அண்ணன் ஆல்ஃபாவிலிருந்து ஆரம்பிப்பார்.

வரிவிளக்கு
மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை யாருமே சொல்லவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

ஹீல்_லோப்
இத்தனை பேரும் ஆயிலையும் ஆல்ஃபாவையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவர் எழுதியதில் ஒரு வரியை யாரும் படிக்கவில்லை. "நடு லோப்பில் மட்டும் கைவைத்தார்."

வெல்டிங் வைத்து உலோகம் ஏற்றாமல் கேமில் லிஃப்ட் கூட்ட ஒரே வழிதான் உண்டு. லோப்பின் மூக்கை வளர்க்க முடியாது, அதனால் குதிகால் பக்கத்தை, அதாவது பேஸ் சர்க்கிளை அரைத்துச் சின்னதாக்குவார்கள். மூக்குக்கும் குதிகாலுக்கும் வித்தியாசம் கூடும், அதுதான் கூடுதல் லிஃப்ட். சாதாரண எஞ்சினில் இது பரவாயில்லை, எல்லா லோப்பையும் ஒரே அளவு அரைத்துவிட்டு டேப்பெட் ஸ்குரூவைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினால் போதும்.

விடெக்கில் அப்படி இல்லை. பின்கள் ஒரு ராக்கரிலிருந்து அடுத்த ராக்கருக்கு நுழைய வேண்டுமென்றால், வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் மூன்று ராக்கரின் துளையும் நேராக நிற்க வேண்டும். மூன்றும் அந்நேரம் பேஸ் சர்க்கிளில்தான் உட்கார்ந்திருக்கும். நடு லோப்பின் குதிகாலை மட்டும் அரைத்தால், நடு ராக்கரைக் கீழிருந்து தள்ளும் லாஸ்ட் மோஷன் ஸ்பிரிங் அதைக் கேமோடு ஒட்டத் தள்ளிவிடும். நடு ராக்கர் ஒரு மட்டத்தில், ஓர ராக்கர்கள் இன்னொரு மட்டத்தில். துளை நேர்ப்படாது, பின் உள்ளே போகாது.

ஆயில் வருகிறது, ஸ்விட்ச் சரி என்கிறது, ஈ.சி.யூ.வும் விடெக் விழுந்துவிட்டது என்று நம்பி அதற்கான பெட்ரோல் கணக்கையும் இக்னிஷனையும் கொடுக்கிறது. வால்வோ இன்னும் சின்ன லோப்பில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே அடைக்காமல் என்ன செய்யும்? அந்தத் தட்டல், லோப் தூக்கும் வழியில் துளைகள் ஒரு கணம் நேர்ப்படும்போது பின் பாதி நுழைந்து விலகும் சத்தமாக இருக்கும் என்று என் சந்தேகம். அப்படியென்றால் பின்களின் முனை மழுங்கிப்போகும், இதே நிலையில் டிராக்கில் ஓட்ட வேண்டாம்.

பார்ப்பது சுலபம். கேமைக் கழற்றி, ஒரு சிலிண்டரின் மூன்று இன்டேக் லோப்பின் குதிகால் மேல் இரும்பு ஸ்கேலை விளிம்பு படும்படி வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் முடிந்தது கதை. பக்கத்தில் உங்கள் ஒரிஜினல் கேமையும் வைத்து அதே மாதிரி பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மதுரை_மெக்
சரியான பாயின்ட். கழற்றும் முன்பே இன்னொன்று பார்க்கலாம். ராக்கர் கவரைத் திறந்து, அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் நடு ராக்கரை விரலால் அழுத்துங்கள், தனியாக அசைய வேண்டும். பிறகு ஆயில் வழியில் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்து அழுத்துங்கள். பூட்டியிருந்தால் தனியாக அசையாது. நாலு சிலிண்டரிலும் பாருங்கள்.

டைமிங்பெல்ட்
மறுபடி மாட்டும்போது பெல்ட் மார்க்கைப் பாருங்கள்.

ரெட்லைன்
பேஸ் சர்க்கிள் விஷயம் இங்கே பலமுறை பேசியதுதான். அதற்குத்தான் முதலிலேயே தேடச் சொன்னேன்.

கோவை_கேரி
எங்கே பேசியது? லிங்க் கொடுங்கள் அண்ணா.

பழையசிட்டி
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நாலு சிலிண்டரிலும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. பழைய கேமில் இல்லை. பழையதையே மாட்டிவிட்டேன், 5,000க்கு மேல் முன்பு போல இழுக்கிறது, தட்டலும் போய்விட்டது. லேத்காரர் வெல்டிங் வைத்து மறுபடி அரைத்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

ஹீல்_லோப்
கொடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் கேம் வளையும், நேராக்கி, மறுபடி கடினப்படுத்தி அரைக்கத் தெரிந்த இடமாக இருந்தால் ஒழிய அது வீண். வேறு கேம் எடுத்து, எல்லா லோப்பின் பேஸ் சர்க்கிளையும் ஒரே அளவு குறைத்து அரைக்கச் சொல்லுங்கள். அதிலும் மேலிருக்கும் கடினமான அடுக்கைத் தாண்டி அரைத்தால் சீக்கிரமே தேய்ந்துவிடும். பின்களைக் கழற்றிப் பார்த்தீர்களா? முனை எப்படி இருந்தது?

மதுரை_மெக்
ஆமாம், பின்களின் போட்டோ ஒன்று போடுங்கள் ப்ரோ, மற்றவர்களுக்கும் உதவும்.

ஆயில்சட்டி
கேம் மாற்றும்போது ஆயிலும் புதிதாக ஊற்றினீர்களா? சோலனாய்டு வலையைத் துடைத்தீர்களா? அதைச் சொல்லாமலே போய்விட்டார் பாருங்கள்.