ஸெர்ச்சர் ஸ்குவாட்: ‘முழங்கையேந்து பஸ்கி’ எனலாமா?

உடற்பயிற்சிகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ராடை (பளு மாட்டும் இரும்புக் கம்பியை) இரு முழங்கைகளின் உள்மடிப்பில் தாங்கி, உட்கார்ந்து எழும் பயிற்சியை ‘ஸெர்ச்சர் பஸ்கி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேர்பெற்றிருந்த பளுதூக்கும் வீரர் எட் ஸெர்ச்சரின் பெயர் அது. அவருக்குரிய மதிப்பை விளக்கக் குறிப்பில் தந்துவிடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதன்முறையாக ராடைத் தொடும் பையனுக்கு அப்பெயர் பளு எங்கே அமரும் என்பதைச் சொல்லாது. இப்பயிற்சியின் அருமையோ அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பளு வயிற்றுக்கு முன்னால், உடலை ஒட்டி நிற்பதால் அது நம்மை முன்னே இழுக்கிறது. சரிந்துவிடாமல் நிமிர்ந்திருக்க மேல்முதுகும் வயிற்றுத் தசைகளும் நாம் எழும் வரை இறுகியே இருந்தாக வேண்டும். தோள்மூட்டு இறுகி, முதுகில் ராடைப் பிடிக்கக் கையைப் பின்னே கொண்டுபோக முடியாதவர்களுக்கும் இது ஒத்துவரும். கால்கள் தாங்கும் பளுவைக் கைமடிப்பு தாங்காது என்பது இதன் குறை. நான் 40 கிலோவில் பழகியபோது, ராடில் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தும், மடிப்பில் சிவந்த கோடு விழுந்து மறுநாள் வரை வலித்தது.

விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் நிரப்பிய மீன்பெட்டியைத் தூக்குபவரைக் கவனித்திருக்கிறேன். அவர் குந்தி, முன்கைகளை அடியில் கொடுத்து, பெட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு எழுகிறார். அங்கே பெட்டி, இங்கே ராடு. உடல் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. அன்றாடத் தூக்குவேலைக்கு இவ்வளவு நெருங்கிய பயிற்சி, நம் உடற்பயிற்சிக் கூடங்களில் அரிதாகவே காணப்படுவது எனக்கு வருத்தமே.

இனி, பெயரில் எந்தச் சொல்லை வைப்பது என்பதற்கு வருகிறேன். ‘இடுக்கு’ என்றால் அக்குள் நினைவுக்கு வரும். ‘அணை’ என்பது மணல்மூட்டையைக் கட்டிப்பிடித்துச் செய்யும் பஸ்கிக்கே பொருந்தும். குழந்தையை இரு கைகளிலும் எடுப்பதை நாம் ‘ஏந்துதல்’ என்கிறோம்; கைகள் மடங்கி, பாரம் மேலே அமரும் அந்த நிலையே இங்கும் உள்ளது. மார்புக்கு முன் உள்ளங்கைகளில் எடையைப் பிடிக்கும் கோப்லெட் ஸ்குவாட்டும் ஏந்தல்தானே என்று நண்பர் ஒருவர் எழுப்பிய தடை நியாயமானது. ஆகவேதான் ‘ஏந்து பஸ்கி’ என்று நிறுத்தாமல் முழங்கையைச் சேர்க்கிறேன். மற்றதை ‘உள்ளங்கையேந்து பஸ்கி’ எனலாம்.

‘பஸ்கி’க்குப் பதிலாகச் சொல்லக்கூடிய ‘குந்துகை’ தூய சொல்தான்; ஆனாலும் ‘தண்டால், பஸ்கி’ என்று தலைமுறைகளாகச் சொல்லிவரும் வாய்க்கு அதைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். நான் பஸ்கியின் பக்கமே நிற்கிறேன்.

முந்தைய மடலொன்றில் ‘ஏந்துப் பஸ்கி’ என்று இருந்தது. ‘ஊறுகாய்’ போல இதுவும் வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது; ‘முழங்கையேந்து பஸ்கி’ என்றே பதிவில் ஏற்றுமாறு வேண்டுகிறேன்.