உருண்டைத் தண்டுக் கோரை: என்ன இனம், தொட்டியில் வளருமா?

பாலிக்பூலாவ்_தோட்டம்
வணக்கம். இங்கே ஒரு நர்சரியில் 'பூருன்' என்று சொல்லி ஒரு கொத்து கொடுத்தார்கள். தண்டு உருண்டை, இலையே கிடையாது, சாம்பல் பூத்த பச்சை, இடுப்பு உயரம். நசுக்கினால் படபடவென்று வெடிக்கிறது. பாய் முடைகிற கோரை இதுதானா? வீட்டு முன்னால் புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் வைக்கலாமா?

கோரைக்காடு
பெயரை மட்டும் நம்பாதீர்கள். இந்தோனேசியாவின் கலிமந்தான் பக்கம் 'பூருன் டானாவ்' என்றால் லெப்பிரோனியா ஆர்ட்டிகுலாட்டா, 'பூருன் திக்குஸ்' என்றால் எலியோகாரிஸ் டல்சிஸ். இரண்டுக்கும் தண்டு உள்ளே வெற்றுக் கூடு, குறுக்கே மெல்லிய தடுப்புகள். நீங்கள் கேட்கும் சத்தம் அந்தத் தடுப்புகள் உடைவதுதான். அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கதிரைப் பாருங்கள். தண்டின் உச்சியிலேயே, தண்டின் பருமனிலேயே கதிர் முடிந்தால் எலியோகாரிஸ். சந்தையில் விற்கும் நீர்க்கிழங்கு (வாட்டர் செஸ்ட்நட்) இதன் வளர்ப்பு வகைதான். உச்சிக்குச் சில செண்டிமீட்டர் கீழே, பக்கவாட்டில் ஒட்டியதுபோல் ஒரே ஒரு பழுப்புக் கதிர் இருந்தால் லெப்பிரோனியா. கதிருக்கு மேலே ஊசியாக நிற்பது பார்க்கத் தண்டு மாதிரி இருக்கும், ஆனால் அது கதிரைத் தாங்கும் செதில். தீபகற்ப மலேசியாவில் இந்த லெப்பிரோனியாவுக்கு 'கெர்ச்சுட்' என்று பெயர்.

கதிர் இல்லையா? அடியைக் கழுவுங்கள். கெர்ச்சுட்டில் கெட்டியான கிழங்கு மண்ணுக்குள் படுக்கையாக ஓடும், அதன்மேல் தண்டுகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். எலியோகாரிஸ் மெல்லிய ஓடுதண்டு விட்டு, அதன் முனையில் உருண்டைக் கிழங்கு வைக்கும்.

பாலிக்பூலாவ்_தோட்டம்
உச்சிக்கு மூன்று விரற்கடை கீழே, செம்பழுப்பாக ஒரே கதிர். கிழங்கு பென்சில் கனம், படுக்கையாகப் போகிறது.

சேற்றுநிலம்
அப்படியானால் கெர்ச்சுட்தான். பாய்க்கோரைதான், ஆனால் பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை வேறு இனம்.

புதுச் சிமெண்ட் தொட்டி வேண்டாம். சுண்ணாம்பு கசிந்து தண்ணீர் காரமாகிவிடும், இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காமல் புதுக் குருத்து வெளிறி வரும். பகாங்கின் தாசேக் பெரா ஏரியில் கெர்ச்சுட் நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் புரியும்: கரிமண் ஊறித் தேநீர் நிறத்தில் அமிலத் தண்ணீர். 60 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள். மூன்று பங்கு களிமண், ஒரு பங்கு ஆற்று மணல், 20 செ.மீ. ஆழம். குழாய்த் தண்ணீரைவிட மழைத்தண்ணீர் நல்லது.

கிழங்கைத் துண்டாக்கும்போது ஒவ்வொன்றிலும் நாலைந்து தண்டும் ஒரு வளர்முனையும் இருக்கட்டும். ஒற்றைத் தண்டுத் துண்டு பெரும்பாலும் அழுகிவிடும். 3 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக வைத்து, வளர்முனை தொட்டியின் நடுப்பக்கம் பார்க்கும்படி நடுங்கள். சுவரைப் பார்த்து நட்டால் முட்டி நின்றுவிடும்.

நட்டதும் உயரத்தைக் குறைக்கிறேன் என்று தண்டைத் தண்ணீருக்குள் வெட்டிவிடாதீர்கள். கிழங்குக்குக் காற்று போவதே அந்தக் கூடு வழியாகத்தான். எல்லாத் தண்டையும் மூழ்க வெட்டினால் கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். காற்றில் சாய்கிறதென்றால் மூங்கில் குச்சியோடு கட்டுங்கள். முதலில் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் போதும், புதுக் குருத்துகள் ஒரு முழம் எழும்பிய பிறகு 20 செ.மீ. வரை ஏற்றலாம். ஒரு மாதம் அசைவே இல்லாவிட்டாலும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது.

ஈரமண்
எல்லாம் சரி, ஒன்று சேர்க்கிறேன். கோழி எரு, கம்போஸ்ட் இரண்டையும் மண்ணில் கலக்காதீர்கள். தண்ணீருக்கடியில் அவை புளித்து மண் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், மேலே பாசி மூடும். கெர்ச்சுட் ஏழை மண்ணில் வாழும் செடி. நல்ல வெயில் கொடுங்கள், நிழலில் தண்டு மெலிந்து சாயும்.

நடும் அன்றே ஏழெட்டு கப்பி மீன் விடுங்கள். நம் ஊரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கண்டால் அபராதம் போடுவார்கள், தொட்டிச் செடி என்று சொல்லித் தப்ப முடியாது. மழையில் தொட்டி வழிந்தால் மீனும் போய்விடும், விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டு வலை கட்டுங்கள்.

பாய்க்கு எடுப்பதானால் முற்றிய தண்டுகளை மட்டும், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் விட்டு அறுங்கள். வெட்டிய தண்டு மறுபடி வளராது, கிழங்கிலிருந்து புதுத் தண்டுதான் வர வேண்டும். அதனால் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். காய்ந்த பிறகு உலக்கையால் இடித்துத் தட்டையாக்கினால்தான் முடையும்போது ஒடியாது.