இழை: வகுக்காத ஈவு (நுண்ணறிவு அளவீட்டுச் சொற்கள், வெள்ளிக்குள் தேவை)

தா. (கல்வியியல் ஆசிரியை, கோவை):
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பி.எட். உளவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஐ.க்யூ.வுக்கு நம் பாடநூல் வழக்கு ‘நுண்ணறிவு ஈவு’. 1905இல் பினேயும் சிமோனும் பாரிசுப் பிள்ளைகளுக்காகச் சோதனை வகுத்தார்கள். 1912இல் ஷ்டெர்ன் மனவயதை (பிள்ளை எந்த வயதினர் அளவுக்கு விடையளிக்கிறது என்பதை) கால வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயது மனவயது என்றால் 125. இதுவரை ஈவு பொருந்துகிறது. ஆனால் அடுத்த பக்கத்தில், பெரியவர்களுக்குச் சோதனை வகுத்த உளவியலாளர் வெக்ஸ்லர் வருகிறார். நாற்பது வயதுக்காரருக்கு மனவயது ஐம்பது என்றால் என்ன பொருள்? அதனால் 1939இலேயே மனவயதைக் கைவிட்டு, அதே வயதினரின் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவை) 15 என்றும் வைத்துவிட்டார். டெர்மனின் ஸ்டான்ஃபோர்ட்-பினே சோதனையும் 1960இல் அந்த வழிக்கு வந்துவிட்டது. வகுபட்ட வயதே இல்லாத எண்ணுக்கு ஈவு என்று பெயர் வைக்கலாமா? “எதை எதால வகுக்கணும் மேடம்?” என்று வகுப்பில் கேட்கிறார்கள். ‘நுண்ணறிவெண்’ போடட்டுமா?

மு. (மதுரை):
அம்மா, தாராளமாகப் போடுங்கள். ஆனால் ‘ஈவு’ என்ற சொல்லை இவ்வளவு எளிதில் விட்டுவிடக் கூடாது. ஈ என்பதன் அடியாகப் பிறந்தது. வகுத்தபின் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு. தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் பிரிப்பதை நினைவுகூர்க: ‘ஈ’ இழிந்தோன் கூற்று, ‘தா’ ஒப்போன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. மனிதரை மேல் கீழ் என்று அடுக்கும் எண்ணுக்கு இழிந்தோன் கூற்றிலிருந்து பெயர் வந்திருப்பது தற்செயலா என்று யோசிக்கிறேன்.

வி. (புள்ளியியல், சென்னை):
தற்செயல்தான் ஐயா.
தா. அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம். வெக்ஸ்லர் முறையிலும் வகுத்தல் இருக்கிறது. ஒருவரின் மதிப்பெண்ணிலிருந்து அவர் வயதினரின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, 15ஆல் பெருக்கி, 100ஐக் கூட்டுகிறோம். ஆக உள்ளே ஓர் ஈவு ஒளிந்திருக்கிறது. மாணவி கேட்டால் இதைச் சொல்லலாம். இதன் பயன் ஒப்பீடு: ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள், 70க்குக் கீழே சுமார் 2 விழுக்காடு. 140 எடுத்தவர் 70 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு அறிவாளி என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். இது தரவரிசை காட்டும் எண். அதனால் ‘எண்’ எனக்குச் சம்மதம்.

ச. (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் திட்ட விலக்கம் எண்டால் ஒருத்தருக்கும் விளங்காது, ‘நியம விலகல்’ எண்டுதான் படிச்சது. ஈவு இரண்டு கரைக்கும் பொது. பொதுவாய்க் கிடக்கிற ஒரு சொல்லையும் ஏன் உடைக்கிறியள்? எண்ணெய் எண்டால் எள்ளின் நெய். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எண்டு சொல்லேக்கை ஆராவது எள்ளைத் தேடுறமோ? ஆங்கிலக்காரனும் வகுக்கிறதை விட்டான், பேரை விடேல்லை.

மு.:
எண்ணெய் வாதம் வலுவானது, ஏற்கிறேன். என் உண்மையான சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. நுண்மை என்பதே உயர்வைக் குறிக்கும்போது ‘குறைந்த நுண்ணறிவு’ எப்படி? மழுங்கிய கூர்மை என்பது போல. தவிர, தமிழ்நாட்டில் நுண்ணறிவுப் பிரிவு என்றால் போலீஸ். வள்ளுவர் ‘நுண்மாண் நுழைபுலம்’ என்கிறார். ‘நுழைபுலன்’ என்று ஆள்வோம்.

க. (மொழிபெயர்ப்பாளர், பெங்களூரு):
நுழைபுலன் 85 என்று உளவியலாளர் அறிக்கை கொடுத்தால் பெற்றோர் மூக்கு, காது, தொண்டை மருத்துவரிடம் போவார்கள். சிறப்புக் கல்விக்கு அலையும் தாய்க்குப் புரியாத சொல் எவ்வளவு தூயதாக இருந்து என்ன? அவர் வாயில் ஐ.க்யூ.தான் இருக்கிறது. ‘ஐ.க்யூ.’ என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

மு.:
அப்படியே கையேட்டையும் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிடலாமே, செலவு மிச்சம்.

தா.:
சண்டை வேண்டாம், இன்னும் இரண்டு சொல் பாக்கி இருக்கிறது. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் (Cattell) பிரித்த இரண்டு நுண்ணறிவு வகைகள். புதிய சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்ப்பது ஒன்று, ராவனின் வடிவக் கட்டங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுபோல. சேர்த்துவைத்த சொல்வளமும் உலக அறிவும் மற்றொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு இறங்கும். இரண்டாவது முதுமைவரை தாக்குப்பிடிக்கும். ‘பாய்ம நுண்ணறிவு’, ‘படிக நுண்ணறிவு’ என்று நேராகப் போட்டால் இயற்பியல் வகுப்பு மாதிரி ஒலிக்கிறது.

ச.:
இஞ்சை படிகமும் இல்லை, பளிங்கு.

மு.:
இதற்கு ஏன் இயற்பியல்? ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’, 636ஆம் குறள். பரிமேலழகர் மதிநுட்பத்தை இயற்கை என்றும் நூலறிவைச் செயற்கை என்றும் பிரித்தே உரை சொல்கிறார். கேட்டல் சொன்னதும் அதுதானே? ‘மதிநுட்பம்’, ‘நூலறிவு’. முடிந்தது. (அவர் கணக்கில் செயற்கை அறிவு என்றால் புத்தகப் படிப்பு. இன்று அந்தப் பெயரைக் கணினி எடுத்துக்கொண்டது!)

வி.:
அழகு, ஆனால் பொருந்தாது. இரண்டாவது வகை புத்தகத்தோடு நிற்பதில்லை. எழுதப்படிக்கத் தெரியாத தச்சருக்கும் அது நிறைய உண்டு. முதல் வகையை ‘இயற்கை’ என்று பெயரிலேயே முத்திரை குத்துவதும் ஆபத்து. நுண்ணறிவு ஆய்வாளர் ஃபிளின் அமெரிக்கத் தரவுகளை ஒப்பிட்டபோது 1932க்கும் 1978க்கும் இடையில் மதிப்பெண் சுமார் 14 புள்ளி ஏறியிருந்தது. பல நாடுகளில் அதிக ஏற்றம் ராவன் கட்டங்களில்தான். இரண்டு தலைமுறையில் பிறவிக்கூறு அவ்வளவு மாறாது. சராசரியை மறுபடி 100க்கு இழுக்கத்தான் சோதனைகளை அவ்வப்போது புதிதாகத் தரப்படுத்துகிறார்கள்.

க.:
‘நெகிழ் அறிதிறன்’, ‘திரண்ட அறிதிறன்’? மாணவர்களுக்குப் புரியும்.

மு.:
‘மதி’யை விட்டது பிழை. மதித்தல் என்றாலே அளவிடுதல். வானத்து மதியும் மாதத்தை அளப்பது. அளவீடு என்ற கருத்தே அந்த வேரில் கிடக்கிறது. இது வடசொல் என்பாருக்கு விரிவாகத் தனி மடலில்…

வி.:
தனி மடலிலேயே இருக்கட்டும் ஐயா. நுண்ணறிவுச் சோதனை எதை அளக்கிறதோ அதுவே நுண்ணறிவு என்று போரிங் (Boring) என்ற உளவியலாளர் 1923இல் எழுதி சக உளவியலாளர்களை எரிச்சலூட்டினார். உளவியலாளர் ஸ்பியர்மன், எல்லா அறிவுச் சோதனைகளுக்கும் அடியில் இருப்பதாகக் கண்ட பொதுக் காரணிக்கு ‘ஜி’ என்று ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டார். நம் குழுவில் அவர் இருந்திருந்தால் அந்த எழுத்தும் நிலைத்திருக்காது.

தா.:
கோப்பை அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘நுண்ணறிவு ஈவு’ (தேர்வுத்தாளில் அப்படித்தான் கேட்பார்கள்), வெக்ஸ்லர் பத்தியில் மட்டும் ‘விலக்க நுண்ணறிவெண்’, அடைப்புக்குறியில் நியம விலகலும் சேர்த்து. நெகிழ், திரண்ட இரண்டும் க. சொன்னபடியே, ஆனால் அறிதிறன் இல்லை, நுண்ணறிவு. அறிதிறனை வேறு பாடத்தில் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ச.:
ஒரே எண்ணுக்கு ஒரே பாடத்தில ரெண்டு பேர். பிள்ளையள் பாவம்.

மு.:
இரண்டாம் பதிப்பு எப்போது அம்மா?