தண்டுவடச் சிகிச்சை ஆராய்ச்சி: எங்கள் வீட்டு அனுபவம்

ஜப்பானில் தண்டுவடம் அடிபட்ட ஒருவர் எழுந்து நின்ற செய்தியைப் பகிர்ந்து, இந்தச் சிகிச்சை நம்மவர்களுக்கும் கிடைக்குமா என்று நம் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் குடும்பமும் இதே கேள்வியோடு அலைந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் தம்பி ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவன். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைப் பறிக்க ஏறியபோது ஏணி சறுக்கி, முதுகு அடிபட விழுந்தான். மலையிறக்கி சேலத்தில் சேர்த்தோம். மருத்துவர் ஒரு கையில் குண்டூசியும் மறு கையில் பஞ்சுமாக, நெஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து, "குத்துவது தெரிகிறதா? தொடுவது தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். தொப்புள் வரை "தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அதற்குக் கீழே எதுவும் சொல்லவில்லை. ஆசனவாய்ப் பகுதியிலும் உணர்ச்சியோ அசைவோ இல்லை என்று உறுதி செய்த பிறகுதான், முழுமையான பாதிப்பைக் குறிக்கும் 'ஏ' என்ற எழுத்தைச் சீட்டில் எழுதினார். 'ஏ' முதல், இயல்பு நிலையைக் குறிக்கும் 'ஈ' வரை செல்லும் இந்த வகைப்பாட்டை நம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிச் செய்திகளில் ஒருவர் எவ்வளவு தேறினார் என்பதை இந்த எழுத்துகளை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

கையில் அறுபட்ட நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரக்கூடும் என்றும், தண்டுவடத்துக்குள் அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பும் நரம்புறையில் உள்ள சில புரதங்களும் அந்த வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

வீடு திரும்பிய சில வாரங்களில் வெளியூர் மருத்துவமனை ஒன்றின் ஆள் எங்களைத் தேடி வந்தார். ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று சொல்லிப் பல லட்சம் கேட்டார். அம்மா வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். நான் மறுநாளே அதே மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "உண்மையான ஆய்வாக இருந்தால் சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்" என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கவே கூடாது. போர்ச்சுகலில், ஸ்டெம் செல் போன்ற செல்கள் உள்ள மூக்கின் உட்சவ்வை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு, 8 ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்ததை 2014இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதைப் படித்துக் காட்டியதும் அம்மாவே பத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

இனி ஜப்பான் செய்திக்கு வருகிறேன். கெயோ பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வில் நான்கு பேருக்கு, அடிபட்ட 14 முதல் 28 நாட்களுக்குள், ஐ.பி.எஸ். செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல் போல மாற்றியது) உருவாக்கிய, நரம்புச் செல்லாக வளரக்கூடிய முன்னோடிச் செல்கள் 20 லட்சம் செலுத்தப்பட்டன. 2025 மார்ச்சில் வெளியான முடிவின்படி ஒருவர் 'ஏ'யிலிருந்து 'டி'க்கும், மற்றொருவர் 'சி'க்கும் முன்னேறினர். இருவருக்கு அந்த அளவில் மாற்றமில்லை. பாதுகாப்பானதா என்று பார்ப்பதே ஆய்வின் முதல் நோக்கம். அடிபட்ட முதல் மாதங்களில் சிலருக்குத் தானாகவே ஓரளவு தேறுவதுண்டு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாமல் முன்னேற்றம் செல்லால் வந்ததா என்று அறுதியிட முடியாது. இருந்தாலும் இதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன். பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர்களுக்கு அந்தக் கால எல்லை எவ்வளவு வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

— இன்னொரு உறுப்பினர், ஓமலூர்:

அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். காயம் பழையதானவர்களுக்கும் வழி தேடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கோர்ட்டீன், பிளாக் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழு, 2011இல் அடிபட்ட ஒருவருக்கு மூளையிலும் தண்டுவடத்தின் மேலும் கருவி பொருத்தி, அவர் நினைத்தபடி கால் எடுத்து வைக்கச் செய்ததை 2023இல் வெளியிட்டது. அறுந்த நரம்பை அது ஒட்டவைப்பதில்லை, சமிக்ஞையைச் சுற்றுவழியில் கொண்டுபோகிறது. தொடர்ந்த நடைப்பயிற்சியும் அதில் ஒரு பகுதி. இத்தகைய ஆய்வுகளில் படுக்கைப் புண்ணும் மூட்டு இறுக்கமும் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் என் வீட்டுக்காரரை இரவில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறோம். கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை மாமியாரும் கற்றுக்கொண்டுவிட்டார். புதிய ஆய்வு எதைக் கேள்விப்பட்டாலும், மருத்துவ ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, எந்த வகைக் காயத்துக்கு, எத்தனை மாதத்துக்குள் என்று முதலில் பார்த்துவிடுங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் இங்கே எண்ணை எழுதினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.