புதுப்பிப்பு: விதை மட்டுமே தின்ற காக்கட்டீல் இப்போது கீரை தின்கிறான்

சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடாத என் காக்கட்டீலுக்கு (கொண்டை வைத்த சின்னக் கிளி) வேறு என்ன கொடுக்கலாம் என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பெல்லட்டை (பறவைகளுக்கான உருண்டைத் தீவனம்) விதையோடு கலந்து வைத்தேன். விதையை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைக் கீழே தள்ளிவிட்டான். பலித்தது, முருங்கைக்கீரைக் கொத்தை நனைத்துக் கூண்டில் தொங்கவிடச் சொன்ன யோசனைதான். மூன்று நாள் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளித்ததோடு சரி. நான்காம் நாள் ஒரு இலையை அலகால் கிள்ளி, நாக்கால் உருட்டிப் பார்த்து, மெல்ல விழுங்கினான். அப்புறம் துருவிய கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வெறும் விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு, அதற்காகத்தான் இவை. பெல்லட்டைப் பொடித்துக் கிழங்கின் மேல் தூவியதும் அதுவும் உள்ளே போனது.

எதிர்பாராதது: எச்சம் தண்ணீராகவும் பழுப்பாகவும் மாறியது. பயந்து மருத்துவரிடம் ஓடினேன். காய்கறியின் நீரும் பெல்லட்டின் நிறமும்தான் காரணம் என்றார். எடையைத் தினமும் காலையில் பாருங்கள்: இவன் 92 கிராமிலிருந்து 88க்கு இறங்கி, இப்போது 91. விதையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அவகாடோ மட்டும் வேண்டவே வேண்டாம், கிளி இனத்துக்கு அது விஷம்.